பொய்க்கரி

சூட்டில் கல் வெடிக்கும் என்று படித்திருக்கிறேன். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வெடிக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

அண்ணன் மகன் புதிதாக வாங்கிய கிரில் அடுப்புக்கு அன்றைக்குத்தான் திறப்பு விழா. தயிரும் மிளகாய்த்தூளும் தடவிக் காலையிலிருந்து ஊறிய கோழித் துண்டுகள் கம்பியில் ஏறத் தயாராக இருந்தன. கரி முழுக்கக் கங்காகி, மேலே வெள்ளையாகச் சாம்பல் பூத்திருந்தது. அந்தப் பதத்தில் ‘டப்’பென்று ஒரு சத்தம். கங்குகள் நாலாபக்கமும் தெறித்தன. ஒன்று என் வேட்டியில் ஓட்டை போட்டது. இன்னொன்று கொடியில் காய்ந்துகொண்டிருந்த துண்டில் விழுந்தது. “பட்டாசு ஏதும் உள்ள கெடந்துச்சா சித்தப்பா?” என்றான் அவன். “கேஸ் அடுப்புல வறுத்துத் தர்றேன்னு அப்பவே சொன்னேன்” என்று அண்ணி சொன்னதற்கு யாரிடமும் பதில் இல்லை.

வெடித்தது ஒரு சரளைக்கல். கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகளில் ஈரம் தங்கியிருக்கும். அந்த நீர் ஆவியானால் பழைய இடத்தைப்போல ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் கேட்கும். கல் விட்டுக்கொடுக்காது. கடைசியில் உடைந்து சிதறும். ஆற்றங்கரையில் கூழாங்கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். இங்கே கூழாங்கல்லை யாரும் கூட்டவில்லை. ‘பிரீமியம் ஹார்டுவுட்’ என்று அச்சடித்த பைக்குள் அது தானாக வந்து சேர்ந்திருந்தது.

மறுநாள் காலை, பையில் மிச்சமிருந்ததைப் பழைய செய்தித்தாளின்மேல் கொட்டினேன். கரி இருந்தது, மறுப்பதற்கில்லை. கூடவே ஏழெட்டுச் சரளைக்கற்கள், செங்கல் நிறத்தில் சுட்டுப்போன மண்கட்டிகள், இரண்டு அங்குல ஆணி ஒன்று, முறுக்கிய முள்கம்பித் துண்டு, உருகிக் கரித்துண்டோடு ஒட்டிக்கொண்ட நீலநிறச் சாக்கு நூல். கடைசியாக ஒரு சட்டம். நேர்விளிம்பு, செங்கோண மூலை, ஒரு பக்கத்தில் கொப்புளம் கொப்புளமாகப் பொரிந்த ஏதோ பூச்சு. எந்த மரமும் செங்கோண மூலையோடு வளர்வதில்லை. அது ஒரு காலத்தில் யார் வீட்டு ஜன்னலாகவோ இருந்திருக்க வேண்டும்.

சமையலறைத் தராசில் நிறுத்தேன். கல்லும் மண்கட்டியும் 380 கிராம். பட்டாணியைவிடச் சிறிய நொறுங்கலும் தூளும் 640 கிராம். முதல் நாள் எரித்ததை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. பையின்மேல் போட்டிருந்த நிகர எடை 5 கிலோ.

எலுமிச்சம்பழ அளவு கரித்துண்டு இருபது, இருபத்தைந்து கிராம் வரும். அதே அளவு கருங்கல் சுமார் 130 கிராம். நாலு கல் விழுந்தால் அரைக்கிலோ கரி மிச்சம். அரிசியில் கல் கலக்கிறவனுக்குக்கூட இவ்வளவு லாபம் நிற்காது. அரிசிக்கும் கல்லுக்கும் எடையில் இவ்வளவு வித்தியாசம் கிடையாது. பொட்டலப் பொருட்களுக்கான 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள், ஒரு கிலோவுக்கு மேல் பத்து கிலோ வரையுள்ள பொட்டலத்தில் எடைக்குறைவு ஒன்றரை சதவீதம் வரை இருக்கலாம் என்கின்றன. ஐந்து கிலோ பைக்கு அது 75 கிராம். கல்லைக் கரி என்று ஒப்புக்கொள்ளாத பட்சத்தில், என் பை அந்த எல்லையை ஐந்து மடங்கு தாண்டியிருக்கிறது.

இவ்வளவுக்கும், துண்டுக்கரியை நாடுகிறவர்கள் கலப்படத்துக்குப் பயந்துதான் அதை நாடுகிறார்கள். கரித்தூளை மாவுப்பசையில் குழைத்து அச்சில் அழுத்திய வில்லைகளும் கடையில் கிடைக்கின்றன. வில்லைக்குள் என்ன அரைத்துப் போட்டார்கள் என்று பார்க்க வழியில்லை. துண்டுக்கரி அப்படியல்ல, மரத்தின் உருவம் அப்படியே தெரியும் என்பதுதான் நம்பிக்கை. அமெரிக்காவில் தரைப்பலகை, மேசை நாற்காலி செய்யும் ஆலைகளின் கழிவுத் துண்டுகளைச் சுட்டுத் துண்டுக்கரியாக விற்பது பழைய வழக்கம். அங்கே பையைப் பிரித்தால் பலகையோடு பலகை கோக்கும் நாக்கும் பள்ளமும் அச்சுக் குலையாமல் கருகிக் கிடப்பதைப் பார்க்கலாம். பூச்சு படாத வெறும் மரம் என்றால் அதில் பெரிய குற்றமில்லை. பூச்சோ பசையோ ஏறியிருந்தால் கதை வேறு.

நம் கடைகளில் விற்கும் அடுப்புக்கரியில் பெரும்பங்கு சீமைக்கருவேலம். வடமாவட்டங்களில் அதற்கு வேலிகாத்தான் என்று பெயர். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் வறண்ட பகுதிகளில் மழை பொய்த்த வருஷங்களில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது இந்த மரத்தின் கரிமூட்டம்தான். சில ஆண்டுகளுக்கு முன் கமுதிப் பக்கம் போனபோது ஒரு மூட்டம் பிரிப்பதைப் பார்த்தேன். அதைப் பார்த்திராவிட்டால் கல் எப்படிப் பைக்குள் வந்தது என்று எனக்கும் புரிந்திருக்காது.

வெட்டிக் காய்ந்த விறகைக் குவியலாக நெருக்கி அடுக்குகிறார்கள். பருத்த கட்டைகள் நடுவில், சிறு குச்சிகள் இடுக்குகளில். அதன்மேல் செத்தை அல்லது வைக்கோல். அதற்கும் மேல் ஈரமண் பூச்சு. தூரத்திலிருந்து பார்த்தால் புதிதாக மெழுகிய குதிர் கவிழ்ந்து கிடப்பதுபோல இருக்கும். உள்ளே தீ வைத்துவிட்டு, காற்று போக அங்கங்கே துளை விடுவார்கள். அதற்குப் பிறகு மூட்டத்துக்குக் காவல்தான் வேலை. முதலில் வெள்ளைப் புகை கொட்டும். அது மரத்தின் ஈரம். நாளாக ஆக அடர்த்தி குறைந்து, மெல்லிய நீலம் ஓடினால் வெந்துவிட்டது என்று அர்த்தம். துளைகளை அடைத்து ஆறவிடுவார்கள். பூச்சில் எங்காவது வெடிப்பு கண்டு காற்று புகுந்தால் உள்ளே இருப்பது அத்தனையும் விடிவதற்குள் சாம்பல். அதனால் ராத்திரியிலும் யாராவது ஒருவர் மண்ணும் தண்ணீருமாகச் சுற்றி வருவார். இப்படி ஒரு டன் கரி எடுக்க நான்கைந்து டன்னுக்குக் குறையாமல் விறகு போகும்.

மூட்டம் ஆறியதும் பூச்சைத் தட்டிப் பிரிக்கிறார்கள். ஒரு வாரம் வெந்த அந்த மண் இப்போது பாதிச் செங்கல். உடைந்து கரிமேலேயே விழுகிறது. இரும்புப் பல் வைத்த வாரியால் இழுக்கும்போது தரையின் மண்ணும் சரளையும் கூடவே வருகின்றன. உள்ளே எங்காவது கங்கு கண்விழித்தால் தண்ணீர் தெளிக்கிறார்கள். ஈரக்கரியில் மண் அப்பிக்கொள்ளும். எல்லாம் ஒரே கறுப்பு. அந்த வெயிலில், முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணில் கரித்தூள் பறக்க, எது கல் எது கரி என்று பிரிக்க வேண்டும்.

கற்களில் பல வருவது தூரிலிருந்து. கண்மாய்க்குள் மண்டிய சீமைக்கருவேலத்தை இப்போதெல்லாம் ஜேசிபி வைத்து வேரோடு பிடுங்குகிறார்கள். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இந்த மரங்களை அகற்றச் சொன்ன பிறகு இது இன்னும் கூடியது. தூர்க்கட்டை கனமானது, நின்று எரியும், நல்ல கரி தரும். ஆனால் வேர் பூமிக்குள் வளரும்போது எதிர்ப்பட்ட கல்லைக் கவட்டில் இறுக்கிக்கொண்டுதான் வளர்ந்திருக்கும். தட்டினாலும் விழாது. மூட்டத்தில் வெந்து மரம் சுருங்கிய பிறகுதான் பிடி தளரும்; அதற்குள் அது மூட்டைக்குள் போயிருக்கும். முள்கம்பிக்கும் இதே கதைதான். வேலியோரத்து மரம் கம்பியை மெல்ல மெல்லத் தனக்குள் விழுங்கிவிடுகிறது.

ஆகவே கல் இருப்பதற்காக மூட்டம் போடுகிறவரைத் திட்ட எனக்கு மனமில்லை. கல்லைப் பொறுக்க மாட்டீர்களா என்று அன்றைக்கே ஒரு அம்மாவிடம் கேட்டேன். மூட்டைக் கணக்கில் கூலி வாங்குகிற எங்களுக்குப் பொறுக்குகிற நேரத்துக்கு யார் காசு கொடுப்பார் என்று அவர் திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி. கரி அங்கிருந்து தரகருக்கும், அவரிடமிருந்து மொத்த வியாபாரிக்கும், பிறகு பை போடுகிறவருக்கும் கை மாறுகிறது. கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் விலை ஏறுகிறது. ஒரு சல்லடை மட்டும் எங்கேயும் ஏறுவதில்லை. வழவழப்பான பைக்கும் அதன்மேல் அச்சடித்த தீ ஜுவாலைக்கும் செலவிட முடிகிறவர், ஒரு சல்லடைக்கும் இரண்டு ஆள் கூலிக்கும் செலவிட மறுத்தால் அதை வறுமை என்று சொல்ல முடியாது.

எங்கள் தெருமுனை இஸ்திரிக்காரரிடம் இந்தக் கற்களைக் காட்டினேன். அவர் சிரித்தார். அவர் வாங்குவதும் மூட்டைக்கரிதான். ஆனால் பெட்டிக்குள் போடுமுன் ஒவ்வொரு துண்டையும் இன்னொன்றோடு தட்டிப் பார்க்கிறார். ‘கிணுங்’ என்று சத்தம் வந்தால் முற்ற வெந்த கரி. ‘தொப்’பென்று வந்தால் வேகாத கட்டை, புகையும், பொறி பறக்கும், பட்டுப்புடவையில் விழுந்தால் அவர்தான் அழ வேண்டும். சந்தேகம் வந்தால் உள்ளங்கையில் தூக்கிப் பார்க்கிறார். முப்பது வருஷப் பழக்கத்தில் கையே தராசாகிவிட்டது. மூட்டைக்கு நாலைந்து கல் கிடைக்கும் என்றும், அதைத் திருப்பிக் கொடுத்தால் கடைக்காரர் எடைக்குக் கரி தருவார் என்றும் சொன்னார். என் பையின் விலையில் பாதிகூட இராது அவர் வாங்குவது. அவருக்குக் கல்லுக்குப் பதில் கரி கிடைக்கிறது. எனக்கு ‘பிரீமியம்’ கிடைக்கிறது.

கல்லையும் மண்ணையும் பொறுக்கிவிடலாம். எனக்குப் பயம் அந்த ஜன்னல் சட்டத்தில்தான். இடித்த வீட்டுக் கதவும் நிலையும் விறகுக்கடைக்குப் போவது புதிதல்ல. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முன்னால் அடித்த பெயின்ட் எத்தனையோ கதவுகளில் இருக்கிறது. ஈயம் நெருப்பில் அழிந்துபோகாது. புகையிலும் சாம்பலிலும் இருக்கும். கரையான் அரிக்காமலிருக்க ஆர்செனிக் கலந்த மருந்து ஏற்றிய மரமும் அப்படித்தான். துத்தநாக முலாம் பூசிய ஆணியும் கம்பியும் கங்குக்குள் கிடந்தால், சூடு ஏற ஏற அந்தப் பூச்சு புகையாகிப் போகும். பற்றவைப்புப் பட்டறைகளில் இந்தப் புகையைச் சுவாசித்தவர்களுக்கு ராத்திரியில் குளிரும் காய்ச்சலும் வருவதுண்டு. ஒரு ஆணியால் அவ்வளவு வராது. அதை வைத்து யாரையும் பயமுறுத்த விரும்பவில்லை. ஆனால் கோழி வேகிறது அந்தப் புகையில்தான். பெயின்ட் அடித்த சட்டத்தின்மேல் சோறு வடிக்க எந்த வீட்டிலும் சம்மதிக்க மாட்டார்கள்.

ஐரோப்பாவில் கிரில் கரிக்கென்றே ஒரு தரம் உண்டு, எண் இ.என். 1860-2. நின்று எரியும் கார்பன் 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, சாம்பல் 8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஈரமும் 8-ஐத் தாண்டக் கூடாது என்று அது சொல்கிறது. சுத்தமான மரக்கரியில் சாம்பல் இயல்பாக மூன்று, நான்கு சதவீதம்தான். அதற்கு மேல் எகிறினால் மண் சேர்ந்திருக்கிறது என்று பொருள். அதனால் கல்லைத் தேடி யாரும் பையைக் கவிழ்க்கக்கூட வேண்டாம். ஒரு கிலோவை எரித்துச் சாம்பலை நிறுத்தால் போதும். வேலை இவ்வளவு எளிது. நம் பையிலோ சாம்பல் அளவு, ஈரம், தூள் எதைப் பற்றியும் ஒரு வரி இல்லை.

அதற்காக ஐரோப்பிய அட்டைகள் எல்லாம் யோக்கியம் என்று நினைத்துவிட வேண்டாம். 2018-இல் டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் ஜெர்மனிக் கிளை அங்கே கடைகளில் விற்கும் கரிப் பைகளை வாங்கிச் சோதித்தது. வெப்பமண்டல மரங்களின் கரி பல பைகளில் இருந்தது. என்ன மரம் என்று சில பைகள் சொல்லவே இல்லை. சொன்ன சிலவும் தப்பாகச் சொல்லின. மரம் கரியான பிறகும் அதன் நுண்ணறைகளும் நீர் ஏறிய குழாய்களும் உருக்குலையாமல் நிற்கின்றன. துண்டை ஒடித்து, ஒடிந்த முகத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் இன்ன வகை மரம் என்று சொல்லிவிடலாம். ஹம்பர்க்கில் உள்ள தூனன் ஆய்வு நிறுவனம் இதில் கைதேர்ந்தது. இத்தனைக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பழைய மரச் சட்டத்தில் கரி விடுபட்டிருந்தது. 2023-இல் வந்த காடழிப்பு ஒழுங்குமுறையில்தான் சேர்த்தார்கள். அதன் அமலாக்கமும் தள்ளிப்போனது.

மரம் பொசுங்கலாம், அதன் சாட்சியம் பொசுங்காது. பழந்தமிழில் ‘கரி’ என்றாலே சாட்சி என்றும் ஒரு பொருள் உண்டு. வள்ளுவர் இந்திரனைச் சாட்சிக்கு இழுக்கும்போது இந்தச் சொல்லைத்தான் ஆள்கிறார். இரண்டு சொற்களுக்கும் வேர் ஒன்றா என்று மொழியறிஞர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரிமச் சான்று, அமெரிக்க ஆய்வகத்தில் கி.மு. 580 என்று காலம் சொன்னதை 2019-இல் தொல்லியல் துறை வெளியிட்டபோது எனக்கு அந்தப் பழைய பொருள்தான் நினைவுக்கு வந்தது. பொய்ச் சாட்சிக்கும் ஒரு சொல் வைத்திருந்தார்கள்: பொய்க்கரி. சிலப்பதிகாரத்துப் புகாரில் பொய்க்கரி சொல்கிறவர்களைக் கயிற்றால் கட்டி அறைந்து தின்ன ஒரு சதுக்கப்பூதமே இருந்தது. நம் ஊரில் எடையளவுத் துறை இருக்கிறது.

எனக்கு இதில் வருத்தம் எதுவென்றால், ராமநாதபுரத்துக் கரி பொய் சொல்லத் தேவையே இல்லாத கரி. நமீபியாவைப் பாருங்கள். மேய்ச்சல் நிலத்தை மூடிக்கொண்ட புதர்மரங்களை வெட்டிக் கரியாக்கி ஐரோப்பாவுக்கு அனுப்புகிறார்கள். காட்டை அழித்து வந்ததல்ல, புல்வெளியை மீட்க வெட்டியது என்று பையில் பெருமையாகவே போட்டுக்கொள்கிறார்கள். சீமைக்கருவேலமும் கண்மாயை அடைத்து நிற்கும் அந்நிய மரம்தான். 2022-இல் தமிழக அரசு இத்தகைய ஊடுருவும் தாவரங்களை ஒழிக்க ஒரு கொள்கையே வெளியிட்டது. வெட்ட வெட்ட ஊருக்கு நல்லது என்று எத்தனை மரத்தைப் பற்றிச் சொல்ல முடியும்? கரியும் கனமானது, நின்று எரியும். ‘சீமைக்கருவேல மரக்கரி, முதுகுளத்தூர் வட்டம்’ என்று தமிழில் போட்டால் என்ன குறைந்துவிடும்? அதை மறைத்து ‘ஹார்டுவுட்’ என்று மட்டும் எழுதுவது, ஊர்ப்பெயர் சொன்னால் விலை போகாது என்ற தாழ்வு மனப்பான்மை. அல்லது உள்ளே ஜன்னல் சட்டமும் இருக்கிறது என்ற முன்னெச்சரிக்கை.

ஊர்ப்பெயர் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மரம் வெட்டும் இடங்களிலும் கரி சுடும் இடங்களிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்த குடும்பங்களை மீட்ட செய்திகள் நமக்குப் புதியவை அல்ல. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை அதிகாரிகள் மீட்டார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-இல். எந்த மூட்டத்துக் கரி என்று பையில் எழுத வேண்டியிருந்தால், அந்த மூட்டத்துக்கு ஒருவர் போய்ப் பார்க்கவாவது வழி பிறக்கும்.

செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. என்ன மரம், எந்த வட்டாரம், சாம்பலும் ஈரமும் தூளும் எத்தனை சதவீதம் என்ற விவரங்களைக் கிரில் கரிப் பைக்குக் கட்டாயமாக்கலாம். கல்லும் மண்ணும் நிகர எடையில் சேராது என்று எடையளவுத் துறை ஒரு சுற்றறிக்கை விடலாம். சலிக்கிற, பொறுக்குகிற வேலைக்கு மூட்டத்திலேயே தனிக்கூலி வைத்தால் வாங்குகிறவருக்குக் கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் கூடும். என் வேட்டி அதைவிட விலை கூடுதல்.

அதுவரைக்கும், கிரில் அடுப்பு வைத்திருக்கிறவர்கள் பையை நேராக அடுப்பில் கவிழ்க்காதீர்கள். ஒரு தட்டில் கொட்டுங்கள். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை மேலாக ஓட்டினால் ஆணியும் கம்பியும் ஒட்டிக்கொள்ளும். கனக்கிற துண்டைத் தட்டிப் பாருங்கள். நேர்விளிம்பு, ஆணித்துளை, பூச்சு இருந்தால் எரிக்கவே வேண்டாம். பொறுக்கிய கல்லைத் தூக்கி எறியாமல் நிறுத்து, பையின் அட்டையோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள், பில்லையும் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் கூப்பிட்டுப் பதிந்துவிட்டேன். நீங்களும் கூப்பிடுங்கள்.